கருவாட்டுத் தலையணை

மலைக்குப் போனா உடம்பு லேசாகும்னு எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியலை. எனக்கு ஏற ஏற உடம்பு கனத்துக்கிட்டேதான் போச்சு. காரை நிறுத்துற இடத்துலேருந்து டென்ட் போடற இடம் வரைக்கும் நடைதான். முதுகுல டென்ட்டு மூட்டை, கையில சின்ன கேஸ் அடுப்பு, தோள்ல ஒரு பை. இவரு முன்னாடி போயிக்கிட்டே, "காத்து எப்படி இருக்கு பாத்தியா!"ங்கறாரு. காத்து நல்லாத்தான் இருக்கும். அதை இழுத்து விடத் தெம்பு வேணுமே.

இவருன்னா எங்க வீட்டுக்காரர். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள்ள நாங்க கேன்டீன் நடத்துறோம். இவரு மாஸ்டர். நான் யாருன்னு கேட்டா, மாஸ்டர் செய்யற வேலையைத் தவிர மத்ததெல்லாம் செய்யற ஆளு. ராத்திரி டூட்டி முடிஞ்சு வர்ற நர்சுங்களுக்கு விடியறதுக்குள்ள டீ ரெடியா இருக்கணும். அப்புறம் காலைச் சாப்பாடு, மதியம், சாயங்காலம், திரும்ப ராத்திரி டூட்டி ஆளுங்க. ஆஸ்பத்திரிக்கு ஏது ஞாயித்துக்கிழமை? மனுஷனுக்குக் காய்ச்சல் நாள் பாத்தா வருது? நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லம்பாங்க. எனக்கு வேலையும் இருந்துச்சு, நிக்க நேரமும் இல்ல.

கேன்டீன் தரையைப் பேத்துட்டுப் புதுக் கல்லு பதிக்கப் போறாங்கன்னு கொஞ்ச நாள் மூடச் சொன்னாங்க. வெளியூர்ல வேலை பாக்கற எங்க பொண்ணு விஷயம் தெரிஞ்சதும், "வீட்ல இருந்தா நீ அலமாரியைத் துடைச்சுக்கிட்டே இருப்பே, அப்பா உன்னைத் தொணதொணன்னுக்கிட்டே இருப்பாரு. ரெண்டு பேரும் எங்கயாவது கண்காணாத இடத்துக்குப் போங்க"ன்னு சொல்லி, தேசியப் பூங்காவுக்குள்ள, மலை மேல, ஒரு ஈ காக்கா இல்லாத இடத்தைப் பதிவு பண்ணிட்டா. அவளோட டென்ட்டையும் பார்சல்ல அனுப்பிட்டா. பெத்த பொண்ணு சொன்னா கேக்காம முடியுமா?

ஆனா நான் சும்மா வரலை. மனசுல ஒரு பேச்சை வச்சுக்கிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில புதுக் கட்டடம் திறக்கறாங்க. அங்க படுத்திருக்கற நோயாளிங்க அத்தனை பேருக்கும் சாப்பாடு போடற பெரிய கிச்சனை நீங்களே எடுத்துக்கங்கன்னு மேனேஜர் எங்களைக் கேட்டிருக்காரு. லீவு முடியறதுக்குள்ள பதில் சொல்லணும். இவரு ஒத்தைக் கால்ல நிக்கறாரு, எடுத்தே தீரணும்னு. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே முழங்கால் வலிக்குது. இருக்கறதை இழுக்கவே நாக்குத் தள்ளுது, இதுல இன்னொண்ணா? வேண்டாம்னு சொல்லணும். கேன்டீன்ல வச்சுச் சொன்னா, "இரு, பால் பொங்குது"ன்னு நழுவிடுவாரு. மலையில எந்தப் பால் பொங்கும்? அங்க வச்சுச் சொல்லிடலாம்னுதான் மூட்டையைத் தூக்கினேன்.

சொல்றதுக்கு ஒண்ணுதான் தடையா இருந்துச்சு. அதைச் சொல்லணும்னா இவரு மூக்கைப் பத்திச் சொல்லணும்.

எங்க வீட்டுக்காரர் அடுப்புல இருக்கறதை நாக்குல வச்சுப் பாக்கவே மாட்டாரு. பரிமாறுறதுக்கு முன்னாடி வாயில வச்சா எச்சில்னு அவரு தொழில் கத்துக்கிட்ட இடத்துல சொல்லிக் கொடுத்தது அது. எல்லாம் மூக்குதான். ஆவியை ஒரு தடவை உள்ள இழுத்தாருன்னா, உப்பு பத்தலை, பூண்டு இன்னும் வேகலை, அடியில பிடிக்கப் போகுதுன்னு வரிசையாச் சொல்வாரு. மூடின டப்பாவைத் திறக்காமலே உள்ள மிளகா சீரகமான்னு சொல்லிடுவாரு. கேன்டீன்ல அவருக்குப் பேரே மூக்கு மாஸ்டர். அந்த மூக்குக்கு இருந்த திமிரு இருக்கே, அப்பப்பா! கல்யாணமான நாள்லேருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், "இது எப்படி இருக்கு?"ன்னு என்னைக் கேட்டதில்லை. நானா ஏதாவது சொன்னா, "உனக்கென்ன தெரியும்?" அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு விஷக் காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சாரு. அதுக்கப்புறம் ஆளு மாறிட்டாரு. "ஏய், இங்க வா. இது சரியா இருக்கான்னு பாரு" அப்படீன்னு அடுப்புகிட்ட கூப்பிட ஆரம்பிச்சாரு. முதல் தடவை நான் வேற யாரையோ கூப்பிடறாருன்னு திரும்பிப் பாத்தேன். "பூண்டு வாசனை போகலைங்க"ன்னேன், பயந்துக்கிட்டே. "சரி, இன்னும் கொஞ்சம் விடலாம்"னாரு. மறுத்துப் பேசலை. அப்புறம் தினமும் கூப்பிட்டாரு. மசாலா வறுபட்டுச்சா, எண்ணெய் பழசாயிடுச்சா, இறக்கலாமா, எல்லாத்துக்கும் நான் வேணும். எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. என் தங்கச்சிக்கு போன் போட்டு, "உங்க மாமா திருந்திட்டாருடி"ன்னு பீத்திக்கிட்டேன். கால் வலி ஒரு பக்கம் உயிரை எடுத்தாலும், கூப்பிட்ட குரலுக்கு ஓடி ஓடிப் போயி அடுப்புகிட்ட நின்னேன். இப்பத்தான் மனுஷன் மதிக்கறாரு, இப்பப் போயி வேண்டாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது? இதுதான் என் தடை.

இடத்துக்கு வந்து சேந்தா, சுத்தி உயரமா மரம், நடுவுல கொஞ்சம் சமதரை, பாதை ஓரமா ஒரு தண்ணிக் குழாய், பக்கத்துல கனமான இரும்புப் பெட்டி ஒண்ணு. வேற டென்ட்டே கிடையாது. வனக்காவலர் ஒருத்தர் தொப்பியும் லத்தியுமா வந்தாரு.

"வாசனை வர்ற எதுவும் டென்ட்டுக்குள்ள இருக்கக் கூடாது. சாப்பாட்டுச் சாமான், எண்ணெய், சோப்பு, பேஸ்ட்டு எல்லாம் இந்தப் பெட்டியில வச்சுப் பூட்டிடணும். இங்க கரடி நடமாட்டம் உண்டு. அதுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை"ன்னாரு.

"இவருக்கும்தான்"னு நான் சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டினேன். இவரு சிரிக்கலை. களைப்பா இருக்கும்னு நெனைச்சேன்.

டென்ட்டை நிறுத்தறதுக்குள்ள எங்களுக்கு டைவர்ஸே ஆகியிருக்கும். கம்பியை இந்தப் பக்கம் நிமித்தினா அந்தப் பக்கம் படுத்துக்குது. ஒருவழியா நின்னுச்சு. "நீங்க சாமானையெல்லாம் பெட்டியில வைங்க, நான் தண்ணி பிடிச்சுட்டு வர்றேன்"னு குடத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். குழாயடியில ஒரு கல்லு. சும்மா ஒரு நிமிஷம் உக்காரலாம்னு உக்காந்தேன். என்னை யாரும் கூப்பிடலை. டீ கேக்கலை, சில்லறை கேக்கலை. உக்காந்தவளுக்கு எந்திரிக்கவே மனசில்லை. குடம் நிறைஞ்சு வழியுது, அதை நிறுத்தக்கூடக் கை வரலை. வெயில் அந்த மரத்துலேருந்து இந்த மரத்துக்கு வந்தப்புறம்தான் கிளம்பினேன்.

டென்ட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வரும்போதே குப்புன்னு அடிச்சுது. கருவாடு!

நான்தான் ஒரு பொட்டலம் எடுத்து வச்சிருந்தேன், சோத்துக்குத் தொட்டுக்கலாம்னு. ஓடிப்போயி டென்ட்டுத் துணியை விலக்கினா, உள்ள நிக்க முடியலை. இவரு மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கிட்டிருக்காரு. தலைக்கு அடியில சாப்பாட்டுப் பை. பொட்டலம் வாயைப் பிளந்து, கருவாட்டுத் துண்டு ரெண்டு இவரு காதோரம் கிடக்கு. எங்ககிட்ட இருந்தது ரெண்டு பை. ரெண்டுமே ஏதோ மருந்துக் கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரியில சும்மா கொடுத்த நீலப் பை. ஒண்ணுல துணிமணி, ஒண்ணுல சாப்பாட்டுச் சாமான். அப்ப இரும்புப் பெட்டியில? போய்த் திறந்து பாத்தேன். என் ரவிக்கையும் இவரு வேட்டியும் பத்திரமா இருந்துச்சு.

எனக்கு அடக்க முடியாம சிரிப்பு வந்துருச்சு. "எந்திரிங்க மாஸ்டர்! உங்க வேட்டியைக் கரடி கட்டிக்கிட்டுப் போயிடும்னு பெட்டியில வச்சுப் பூட்டினீங்களா? கருவாட்டு மூட்டையில தலை வச்சுத் தூங்கறீங்களே, இது தெரியலையா?"

பதறி எந்திரிச்சு உக்காந்தாரு. பையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. அப்புறம் பையைத் தூக்கி மூக்குகிட்ட கொண்டுபோய், இழுத்துப் பாத்துட்டு, "ஆமா, லேசா வருது"ன்னாரு.

லேசா! அந்த ஒரு வார்த்தையில என் சிரிப்பு நின்னுபோச்சு. மூடின டப்பாவைத் திறக்காம சொல்ற மனுஷனுக்கு, காதுகிட்ட கிடக்கற கருவாடு லேசாவா?

"கண்ணை மூடுங்க"ன்னேன்.

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினாரு. பைக்குள்ள கையை விட்டு காபித்தூள் டப்பாவை எடுத்து, திறந்து, மூக்குகிட்ட நீட்டினேன். "இது என்ன?"

இழுத்தாரு. இன்னொரு தடவை இழுத்தாரு. பரீட்சைக்குப் படிக்காம வந்த பையனாட்டம் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, "கருவாடு"ன்னாரு.

நான் டப்பாவை மூடினேன். மேல கேக்கறதுக்குள்ள வெளியே காவலர் குரல் கேட்டுது.

"என்னம்மா, கரடிக்கு விருந்தா? கீழ வளைவுலயே தூக்குது! முதல்ல அந்தப் பையைப் பெட்டியில போட்டுப் பூட்டுங்க. டென்ட்டு, போர்வை எல்லாத்தையும் சோப்புப் போட்டு அலசுங்க. சாயங்காலம் வந்து பாப்பேன், வாசனை இருந்தா உங்களைக் கீழ இறக்கி விட்டுருவேன், சொல்லிட்டேன்."

ஓய்வெடுக்க மலைக்கு வந்தவ, போர்வை துவைக்கக் குழாயடியில குந்தினேன். என் தலையெழுத்தைப் பாத்தீங்களா? இவரு பக்கத்துல நின்னு தண்ணி ஊத்தினாரு. நான் அடிச்சுத் துவைச்சேன். எதை அடிக்கறேன்னு எனக்கே தெரியலை.

"எப்பலேருந்து?"ன்னேன்.

"காய்ச்சல்லேருந்து."

"ஒரு வருஷமா? முழுப் பூசணிக்காயை ஒரு வருஷமாச் சோத்துல மறைச்சிருக்கீங்க. சுத்தி டாக்டருங்களா இருக்காங்களே, ஒருத்தர்கிட்டயாவது காட்டினீங்களா?"

"எல்லாரும் நம்மகிட்ட சாப்பிடறவங்க. காலையில ஒருத்தர்கிட்ட சொன்னா மதியச் சாப்பாட்டுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். மூக்கு மாஸ்டருக்கு மூக்கே இல்லைன்னா யாரு வந்து சாப்பிடுவா?" "உப்பு, புளிப்பு, காரம் நாக்குக்குத் தெரியுது. மத்ததெல்லாம் வெந்நீர் குடிக்கற மாதிரி இருக்கு. நீ தலைக்குக் குளிச்சுட்டு வந்தாக்கூட எனக்கு ஒண்ணும் தெரியலைடி."

பாவமாத்தான் இருந்துச்சு, இல்லைங்கலை. ஆனா பாவத்தை முந்திக்கிட்டு வேற ஒண்ணு வந்து நின்னுச்சு.

"அப்ப, இங்க வா, எப்படி இருக்குன்னு பாருன்னு என்னைக் கூப்பிட்டதெல்லாம்?"

தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தாரு.

"நான் என்னமோ நீங்க என்னை மதிக்க ஆரம்பிச்சுட்டீங்கன்னு நெனைச்சேங்க. என் தங்கச்சிகிட்ட சொல்லிப் பீத்திக்கிட்டேன். வெக்கமா இருக்கு. மூக்கு இல்லாததுக்கு ஒரு மூக்கு வேணும், அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?"

போர்வையைப் பிழியறப்போ அவரு ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டாரு. பிழிஞ்சு முடிச்சு, என் பக்கம் நீட்டி, "போயிடுச்சா?"ன்னாரு. மோந்து பாத்தேன். "இல்லை"ன்னேன். திரும்ப சோப்புப் போட்டோம். "இப்ப?" "இல்லை." தினமும் அடுப்புகிட்ட நடந்ததும் இதேதான். இத்தனை நாள் எனக்குத்தான் புரியலை.

"பெரிய கிச்சன் எதுக்கு உங்களுக்கு? மூக்கே இல்லாம?"

"அங்க நிறைய ஆளுங்க இருப்பாங்க. நான் மேல்பார்வை பாத்தாப் போதும். அடுப்புகிட்ட நிக்க வேண்டாம், யாருக்கும் தெரியவும் தெரியாது."

"அடுப்புகிட்ட யாரு நிப்பா?"

தரையைப் பாத்துக்கிட்டு, "நீதான்"னாரு.

எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. கத்தவும் தெம்பில்லை. "ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லுங்க. நாளைக்கே உங்க மூக்கு திரும்பி வந்துருச்சுன்னு வைங்க. அப்பவும் என்னைக் கூப்பிட்டுக் கேப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாத ஆளு ஒண்ணும் இல்லை அவரு. ஆனா யோசிச்சாரு, நிஜமாவே யோசிச்சாரு. "கேக்கமாட்டேன்னுதான் நெனைக்கறேன்"னாரு.

சுரீர்னு இருந்துச்சு. அதே நேரத்துல, இந்த மனுஷன் எங்கிட்ட முதல் தடவையா ஒரு உண்மையைச் சொல்றாருன்னும் தோணுச்சு. ரெண்டையும் வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம ஈரப் போர்வையைக் கொடியில போட்டேன்.

சாயங்காலம் காவலர் வந்து, மூக்கைச் சுருக்கிப் பாத்துட்டு, "ம், பரவாயில்லை"ன்னு போனாரு. இவரு அடுப்பைப் பத்த வச்சு, பருப்பும் அரிசியும் வேக வச்சு, தாளிக்க வெங்காயத்தைப் போட்டாரு. நான் எதிர்ல கல்லு மேல உக்காந்திருந்தேன். வெங்காயம் பொன்னிறமாச்சு, வாசனை வந்துச்சு. சிவந்துச்சு. அப்புறம் தீய ஆரம்பிச்சுது. அவரு கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு என் முகத்தையே பாக்கறாரு. வழக்கம்போல வாய் வரைக்கும் வந்துச்சு அந்தக் கேள்வி, ஆனா கேக்கலை. நானும் சொல்லலை. புகை வந்தப்புறம் அவரா பாத்து இறக்கினாரு.

ரெண்டு பேரும் கசக்கக் கசக்கச் சாப்பிட்டோம்.

"தீஞ்சிடுச்சா?"ன்னாரு.

"தீஞ்சிடுச்சு."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை."

தட்டை வழிச்சுச் சாப்பிட்டு முடிச்சாரு. அப்பத்தான் சொன்னேன். பக்குவமாச் சொல்லணும்னு எத்தனையோ நாளா மனசுல ஓட்டிப் பாத்த பேச்சு, கடைசியில அரை வரியில முடிஞ்சுபோச்சு. "பெரிய கிச்சன் வேண்டாங்க."

"ம்"ன்னாரு. அந்த "ம்" சரியா, பாக்கலாமா, ஒண்ணும் விளங்கலை. அவரோட "ம்"முக்கு அர்த்தம் கண்டுபிடிச்சே பாதி ஆயுசு போயிருக்கு. நான் போயி ஈரம் காயாத டென்ட்டுக்குள்ள சுருண்டு படுத்துட்டேன்.

காலையில கண்ணு முழிச்சா வெயில் சுள்ளுன்னு அடிக்குது. பக்கத்துல ஆளைக் காணோம். அடுப்பு மேல வெறும் பாத்திரம். எங்க போயிருப்பாருன்னு பாதையில இறங்கினேன். டவர் கிடைக்கறது அந்த மலையிலயே ஒரே இடத்துலதான், கீழ வளைவுல. நான் பயந்த மாதிரியே அங்கதான் நின்னுக்கிட்டிருந்தாரு, போனைத் தட்டு மாதிரி ஏந்திக்கிட்டு. அவரு போன்ல எப்பவும் ஸ்பீக்கர்தான், காதுல வைக்கற ஓட்டையில மாவு போயி அடைச்சு ரொம்ப நாளாச்சு. மேனேஜர் குரல் எனக்கு நல்லாவே கேட்டுது. போச்சு, என்னைக் கேக்காமலே சரின்னு சொல்லப் போறாருன்னு நெனைச்சேன்.

"என்ன மாஸ்டர், நல்ல சேதிதானே?"

"இல்லீங்க. பெரிய கிச்சன் எங்களால எடுக்க முடியாதுங்க."

"என்ன மாஸ்டர் இப்படிக் குண்டைத் தூக்கிப் போடறீங்க! உங்க கைப்பக்குவத்துக்காகத்தானே கேட்டோம்? அதுவும் இந்த ஒரு வருஷமா உங்க சாப்பாட்டை டாக்டருங்க எல்லாம் என்னமாப் புகழறாங்க தெரியுமா? இதுக்கு முன்னாடிகூட இப்படி இல்லைங்கறாங்க."

நான் நிக்கறதை இவரு பாக்கலை, எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. உடம்பு சரியில்லை, பொண்ணுக்கு வரன் பாக்கறோம், ஏதாவது ஒண்ணை அவுத்து விடுவாருன்னு நெனைச்சேன். அவருக்கா சாக்கு சொல்லத் தெரியாது?

"அது என் கைப்பக்குவம் இல்லீங்க"ன்னாரு. "எனக்கு மூக்கு போயி ஒரு வருஷமாச்சு. ஒரு வருஷமா சமைக்கறது எங்க வீட்டுக்காரங்கதான். அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

மேனேஜர் என்னமோ கேட்டாரு. எனக்குக் காதுல ஏறலை. நான் அப்படியே பாதையில, புல்லு மேல உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டேன். அழுகைன்னா சின்ன அழுகை இல்லை, வாய்விட்டு, சத்தமா. சத்தம் கேட்டுத் திரும்பினவரு, போனைக்கூட அணைக்காம ஓடி வந்தாரு.

"என்னாச்சு? எங்க அடிபட்டுச்சு? என்னன்னு சொல்லுடி!"

"களைப்பா இருக்குங்க"ன்னேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அதை அவருகிட்ட நான் வாயைத் திறந்து சொன்னதே இல்லை.